பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை

ஷாமுக்காலியில் அபனி காயேனின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. காசேம் மொல்லாவின் மூன்று சக்கர வண்டியில் பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் பேட்டரியும் தலைக்கு மேல் புனல் ஒலிபெருக்கியும் கையில் மைக்குமாக ஆற்றுக்கரை மேட்டுச் சாலையில் ஊர்ந்து போவான். போலியோ சொட்டு மருந்து, கால்பந்துப் போட்டி, ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள், யார் வீட்டில் யார் செத்தார்கள், யாருடைய மாடு காணவில்லை, எல்லாம் அவன் வாயால் வந்தால்தான் ஊருக்குச் செய்தி. தொண்டை அப்படி. காய்ச்சலில் படுத்திருந்தாலும் குரலில் ஒரு கீறல் விழாது.

அந்தக் குரல் ஒரே ஒரு பெயரை மட்டும் எட்டு வருஷமாகச் சொன்னதில்லை. அவன் மட்டுமல்ல, ஊரில் எவரும் சொல்வதில்லை. ஆற்றிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிற நாம் ஒருமுறை சொல்லிக்கொள்வதில் தப்பில்லை: பாருணி. சைத்ர மாதத் தேய்பிறையில், திரயோதசித் திதியன்று, ஆற்றில் முழுகினால் செய்த பாவமெல்லாம் போகும் என்று ஜனம் கூடுகிற நாள். அக்கரைப் படித்துறையில் ஸ்நானம், அதை ஒட்டி மேளா. எட்டு வருஷத்துக்கு முன் அது மாதத்தின் எட்டாம் தேதி வந்தது. இக்கரையிலிருந்து கிளம்பிய கடைசிப் படகில் கொள்ளாத கூட்டம். நடு ஆற்றில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். பலர் நீந்திக் கரையேறினார்கள். சிலரை மறுநாள் வலைபோட்டு எடுத்து எரித்தார்கள். சிலர் கிடைக்கவே இல்லை. கிடைக்காதவர்களில் அபனியின் மகள் ரும்கி ஒருத்தி. பதினாலு வயசு. வளையல் வாங்கப் போனவள்.

அடுத்த வருஷம் எங்கிருந்தோ ஒரு வளையல்காரி வந்தாள். ஊர்க்கதை எதுவும் தெரியாதவள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "பாருணி வளையல்! பாருணி வளையல்!" என்று கரையோரம் முழுக்கக் கத்திக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் கடல் இறக்கத்தில் ஆறு வற்றியபோது, கவிழ்ந்த படகின் விலாக் கட்டைகள் சேற்றில் தெரிந்தன, அவற்றின்மேல் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு புடவை, இரண்டு லுங்கி, குழந்தைச் சட்டை ஒன்று. பிழிந்து, உதறி, காற்றில் பறக்காமல் முனையைச் செருகி, ஒழுங்காகக் காயப்போட்டிருந்தார்கள். சேற்றில் ஒரு காலடித் தடமும் இல்லை. கிழக்குத் தெரு கமலா மட்டும் கதறிக்கொண்டு ஓடினாள். லுங்கியில் இருந்த ஒட்டு அவள் கையால் போட்ட ஒட்டாம். கிடைக்காமல்போனவர்களில் அவள் புருஷன் ஜோதினும் ஒருவன். ஐந்து பேர் சேர்ந்து அவளைப் பிடித்து இழுத்து வரவேண்டியிருந்தது. சாயங்காலம் கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து துணியெல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

அபனியின் பெண்டாட்டி பாருல் அழுதது வேறு காரணத்துக்காக. ரும்கியின் பச்சைச் சட்டை அதில் இல்லை.

அப்போதுதான் ஊருக்குள் அந்தப் பேச்சு கிளம்பியது. முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. செத்தவர்களுக்குத் தேதி தெரியாது, பெயர்தான் தெரியும். தேதி உயிரோடு இருக்கிறவனுக்கு. வட்டி கட்ட, வாய்தாவுக்குப் போக. தண்ணீருக்கு அடியில் கிடக்கிறவனுக்கு எட்டு என்ன, பத்தொன்பது என்ன? ஆனால் பண்டிகைப் பெயரைச் சொன்னால் புரிந்துவிடும். கிளம்பிய நாள் அல்லவா? கிளம்பி வந்துவிடுவார்கள். வந்தால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் வந்து ஷாமுக்காலியில் ஒரு சைத்ர மாதம் இருந்து பார்க்கட்டும்.

வருஷப் பிறப்புக்கு மிட்டாய்க் கடைக்காரர் புதுக் காலண்டர் கொடுப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, அந்தத் திதி இந்த வருஷம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தேடி, எழுத்தின் மேல் சோற்றுப் பசையால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுவது. எண் மட்டும் தெரியும். எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் அந்த ஒரு கட்டம் மட்டும் கண் மூடிக் கிடக்கும். பேசும்போதும் அப்படித்தான். "பதினஞ்சுக்கு முன்னால சாமான் வாங்கிடு," "இருபத்திநாலுக்கு ஆத்துப் பக்கம் போகாத." கேட்கிறவனுக்குப் புரிந்துவிடும்.

பயம் ஒரு இடத்தில் நிற்குமா? வர வர எந்தப் பண்டிகைக்கும் பெயர் சொல்லவே ஜனம் கூச்சப்பட்டது. பூஜை விடுமுறையையும் தேதி போட்டே சொன்னார்கள். காசேமுக்கு மட்டும் இதில் ஒரே கேலி.

"அபனி அண்ணே, எங்க ஈத் பெருநாளுக்கு என்ன பண்ணுவ? பிறை தெரிஞ்சாத்தான் எங்களுக்கே தேதி தெரியும். அதுவரைக்கும் மைக்கைப் பிடிச்சுட்டு இருமிக்கிட்டே இருப்பியா?"

"நீ வண்டியை மிதிடா. பள்ளத்துல விட்டு என் பல்லை உடைக்காத."

இப்படியே போயிருக்கும். சுபல் நஸ்கர் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால். சுபல் உரக்கடை வைத்திருப்பவன், புதிதாக அமைத்த மேளாக் கமிட்டியின் செயலாளர். படகு கவிழ்ந்த வருஷம் அவன் கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தான், ஊரில் யாரையும் இழக்கவில்லை. அவன் யோசனை என்னவென்றால், அக்கரை வேண்டாம், படகே வேண்டாம், இக்கரையிலேயே புதுப் படித்துறையில் ஸ்நானத்தையும் மேளாவையும் மறுபடி ஆரம்பித்துவிடலாம். இந்த வருஷம் திதி பத்தொன்பதாம் தேதி வருகிறது, செவ்வாய்க்கிழமை.

கெட்ட மனுஷன் இல்லை. கடைகள் வரும், நாலு காசு புழங்கும், ஊர் எத்தனை வருஷம் இப்படிச் செத்த வீடாகவே கிடப்பது என்று நினைத்தான். நினைப்பதில் என்ன தப்பு?

அபனி முதலில் தேதியைத்தான் சொன்னான். "பெரியோர்களே, தாய்மார்களே, வருகிற பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, நம்ம ஊர் புதுப் படித்துறையில் ஸ்நானமும் மேளாவும் நடைபெறும், அனைவரும் வருக." இரண்டு நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினான். வழியில் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, "அன்னிக்கு ஊசி போடறாங்களா?" என்றாள். இன்னொருவர் ஆதார் அட்டை கொண்டு வரவேண்டுமா என்று கேட்டார்.

சுபலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, தேதியைச் சொன்னா எவன் கும்பிட வருவான்? கேனைத் தூக்கிட்டு வந்து மண்ணெண்ணெய் எங்கன்னு கேப்பான். பண்டிகைன்னா பேரு வேணும். பேரைச் சொல்லு."

"உனக்கு வேணும்னா நீயே சொல்லு. இந்தா மைக்."

சுபல் மைக்கைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். வாங்கவில்லை.

இதோடு விட்டிருப்பான் அபனி. வீட்டில் பாருல் விடவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனுக்கு முன்னால் வெறும் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"ரும்கியப்பா, நஸ்கர் வீட்டு மாடு காணாமப் போச்சே, அதை எப்படிக் கூப்பிட்டீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"லட்சுமி லட்சுமின்னு ரெண்டு நாள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. வந்துச்சா இல்லையா? மாட்டுக்கு இருக்கிற அக்கறை பெத்த பொண்ணுக்கு இல்ல."

"பாருல், சும்மா இரு."

"எட்டு வருஷமா சும்மாத்தானே இருக்கேன். தேதி தேதின்னு கத்துறீங்களே, அவளுக்குத் தேதி எப்படித் தெரியும்? கணக்குல முட்டை வாங்கினவ அவ. பேரைச் சொல்லுங்க. மத்த வீட்டுத் துணியெல்லாம் வந்துச்சு, அவளது வரல. அவளுக்குச் சரியா காதுல விழலை. வளையல்காரி குரல் அவளுக்கென்ன பழக்கமா? அப்பன் குரல்னா வருவா."

ரும்கி வருவாளோ மாட்டாளோ என்ற பயம் இல்லை அபனிக்கு. வருவாள் என்றுதான் பயம். வந்தால் யாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள்? தாயைத்தான். பாருலோ போகத் தயாராக இருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே அது தெரிந்தது. மகளைத்தான் ஆறு கொண்டுபோயிற்று, இவளையும் கொடுத்துவிட்டு அவன் யாருக்காக அந்த வீட்டுக்குத் திரும்புவது?

"நீங்க கூப்பிடலைன்னா நானே படித்துறையில நின்னு கூப்பிடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவள் தனியாகக் கூப்பிடுவதைவிட, ஆயிரம் பேர் நடுவில் கரையில் நின்று தான் கூப்பிடுவது மேல் என்று அபனி கணக்குப் போட்டான். கடைசியில் இப்படி முடிவாயிற்று. அவன் பெயரைச் சொல்லி அறிவிப்பான். மேளா அன்று பாருல் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. ரும்கி வந்தால் மைக்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், அப்போது வரலாம்.

"சத்தியமா கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடுவேன்."

அப்புறம்தான் சோறு விழுந்தது தட்டில்.

மறுநாள் காலை வண்டி கிளம்பியது. காசேம் கேலி எதுவும் பேசவில்லை. மேட்டுச் சாலையில் ஆறு நன்றாகத் தெரிகிற இடத்தில் அபனி சொன்னான்: "வருகிற செவ்வாய்க்கிழமை, நம்ம ஊர் படித்துறையில், பாருணி ஸ்நானம், பாருணி மேளா." சொன்ன வாயை மூடாமல் அப்படியே இருந்தான். அந்த இடத்தில் ஒலிபெருக்கியில் எதைச் சொன்னாலும் அக்கரையில் மோதித் திரும்பி வரும். எத்தனையோ வருஷமாக அவனுக்குப் பழக்கமான எதிரொலி. இப்போதும் வந்தது. "செவ்வாய்க்கிழமை" வந்தது. "படித்துறையில்" வந்தது. "ஸ்நானம்," "மேளா" வந்தன. அந்தப் பெயர் மட்டும் திரும்பி வரவில்லை.

"வாங்கிக்கிட்டாங்க" என்றான் காசேம், மெதுவாக. வேகமாக மிதிக்கத் தொடங்கினான்.

கரையோர வீடுகளில் ஜனம் வாசலுக்கு வந்து நின்றது. யாரும் திட்டவில்லை, கல்லெறியவில்லை. கமலா வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்றாள். கையில் சுமங்கலிக்கான சங்கு வளையல் அப்படியே இருந்தது. புருஷன் உடம்பு கிடைக்காததால் அவள் அதைக் கழற்றவே இல்லை.

பத்தொன்பதாம் தேதி கூட்டம் என்றால் கூட்டம், அப்படி ஒரு கூட்டம். சுபல் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு திரிந்தான். ஜிலேபிக் கடாயின் புகை, ராட்டினத்தின் கீச்சுச் சத்தம், படித்துறையில் பெண்களின் குலவை, சங்கு, தாரை, தப்பட்டை. படித்துறைக்கு மேலே மூங்கில் மேடை கட்டி, தார்ப்பாய் போட்டு, அதில் அபனியை உட்காரவைத்திருந்தார்கள். மேளாவில் மைக்குக்காரனுக்கு ஒரே வேலைதான். தொலைந்தவர்களைக் கூப்பிடுவது. "நீலச் சட்டை போட்ட பையன், பெயர் பல்ட்டு, மைக் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறான், வீட்டார் வந்து அழைத்துப்போகவும்." உச்சி வெயில் வரை இப்படியே போயிற்று. பல்ட்டுவின் அம்மா வந்து அவனுக்கு இரண்டு அறை வைத்துக் கூட்டிப்போனாள். அபனிக்கு மனசு கொஞ்சம் லேசாயிற்று. அட, ஒன்றும் இல்லை, ஊரே வீணாகப் பயந்துவிட்டது என்றுகூடத் தோன்றியது.

பேட்டரிக் கம்பி தளர்ந்திருந்தது. குனிந்து அதை முறுக்கிக்கொண்டிருந்தபோது மேடை ஓரத்தில் ஒரு ஆண் குரல் கேட்டது.

"அண்ணே, என் பொண்டாட்டியைக் கொஞ்சம் கூப்பிடுங்க. கமலா. கிழக்குத் தெரு."

தலையைத் தூக்காமலே அபனி மைக்கை எடுத்தான். வாய்ப் பழக்கம், வேறென்ன சொல்ல? "கிழக்குத் தெரு கமலா, கிழக்குத் தெரு கமலா, உன் புருஷன் மைக் பக்கத்துல நிக்கிறார், உடனே வரவும்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

கமலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். கையில் பாதி தின்ற ஜிலேபி. மேடை ஓரத்தில் அந்தக் காலி இடத்துக்கு முன்னால் நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. "இவ்வளவு நேரமா?" என்று கோபித்துக்கொண்டாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முக்காடு போட்டாள், புதுப்பெண் மாதிரி. பக்கத்தில் ஒருவர் நடந்து வருவதைப்போல ஒரு பக்கமாகத் திரும்பிப் பேசிக்கொண்டே படியில் இறங்கினாள். தண்ணீர் முழங்கால், இடுப்பு, மார்பு. அவள் நிற்கவில்லை.

"கமலா! நில்லு! காசேம், அவளைப் பிடிடா! அந்தச் செவப்புப் பொடவை, பிடிடா அவளை!" அபனி மைக்கில் அலறினான். காசேம் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தான். ஆனால் ஸ்நான நேரம், எங்கே பார்த்தாலும் தலைகள் முழுகி எழுந்துகொண்டிருந்தன. படியில் இறங்கியவர்களைவிடத் தண்ணீரில் தலைகள் அதிகமாக இருந்தன. எது கமலா, எது யார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

"அப்பா."

மேடை மேலேயே, அபனியின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றாள் ரும்கி. அதே பச்சைச் சட்டை. தலை நனைந்திருக்கவில்லை. அந்த வெயிலில் எல்லார் முகத்திலும் வேர்வை வழிய, அவள் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு ஈரமில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணெல்லாம் பெரிதாகியிருந்தது.

"நீதானே கூப்பிட்ட? இன்னிக்குப் பாருணிதானேப்பா?"

அபனிக்குப் பயம்தான். அதற்கு மேலே ஆசை. ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

"அம்மாவைக் காணோம்ப்பா. கூட்டத்துல தெரியல. அம்மாவைக் கூப்பிடு. நாங்க சேந்து போறோம்."

மைக் கையிலேயே இருந்தது. ஒரு வார்த்தை போதும். வாசலில் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் பாருல். படியில் காசேம் ஏதோ கத்தினான். அபனி மகளின் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இல்லம்மா. இன்னிக்குப் பாருணி இல்ல."

"அப்ப இந்தக் கூட்டம்?"

"சந்தைம்மா. இன்னிக்குப் பத்தொன்பதாம் தேதி. செவ்வாய்க்கிழமை. வெறும் செவ்வாய்க்கிழமை."

அவள் முகம் வாடியது. "பாருணி எப்பப்பா?"

"அது போயிடுச்சும்மா. எப்பவோ போயிடுச்சு. இனிமே வராது. நீ போ, கண்ணு. இங்க நிக்காத."

"எங்கப்பா போக?"

பாவி மனுஷன், கையை நீட்டி ஆற்றைக் காட்டினான். அவள் எப்போதுமே சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். சரி என்று தலையை ஆட்டினாள். படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் அபனிக்கு அந்த அமைதி கேட்டது. தப்பட்டை நின்றுவிட்டது, குலவை நின்றுவிட்டது, ராட்டினம்கூட நின்றிருந்தது. மேளா முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கமலாவுக்காக அலறியபோது போட்ட மைக்கை அவன் அணைக்கவே இல்லை. மகள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அவன் சொன்னது ஒவ்வொன்றும் ஆறு வரைக்கும், அக்கரை வரைக்கும், ஊரின் கடைசி வீடு வரைக்கும் போயிருந்தது.

தண்ணீரில் தலைகள் குறைந்திருந்தன. முழுகியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அவசரமாகக் கரையேறினார்கள். காசேம் கமலாவை முடியைப் பிடித்து இழுத்து வந்து படியில் போட்டான். அவள் தண்ணீரைக் கக்கிவிட்டு, கண் திறந்து, பக்கத்தில் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்துக் கத்தினாள்.

"உன்னை யாருடா கேட்டா தேதி? உன்னை யாருடா கேட்டா? அவர் என் கையைப் பிடிச்சுட்டிருந்தார்டா!"

அபனி மைக்கை அணைத்தான்.

பாருல் வந்துகொண்டிருந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. ஓடவில்லை, அழவில்லை, சாமான் வாங்கக் கடைக்குப் போகிறவள் நடையிலேயே வந்தாள். வந்து மேடைக்குக் கீழே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணில் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தான். அவள் தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"வளந்திருந்தாளா?"

அபனிக்கு முதலில் புரியவில்லை.

"எட்டு வருஷம் ஆச்சே. இருபத்திரெண்டு வயசு. பெரிய பொண்ணா இருந்தாளா?"

"இல்ல" என்றான். "அப்படியேதான் இருந்தா. போனப்ப எப்படி இருந்தாளோ அப்படியே."

பாருல் ஆற்றைப் பார்த்தாள். வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது.

"அப்ப சின்னப் புள்ளையைத்தான் தனியா அனுப்பியிருக்கீங்க" என்றாள்.